சின்னத் தொப்பிக்கு நீள வயர்

"இதை யாரு பின்னுனது?"

பச்சிளங்குழந்தைகள் வார்டின் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, நர்ஸ் தலையை மட்டும் வெளியே நீட்டினார். அவர் விரல் நுனியில் என் தொப்பி தொங்கியது.

"நான்தான் சிஸ்டர்."

சட்டென்று எழுந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க? காலையிலிருந்து அந்த வராந்தாவில் ஜன்னலுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன்.

"அழகா இருக்கு மேடம். ஆனா போட முடியல. பின்னாடி தையல் மேடா நிக்குது பாருங்க, மல்லாக்கப் படுக்க வெச்சா குத்தும். நெத்தியில வேற இறுக்குது. கோடு விழுந்துடுச்சு."

"கோடா?"

"லேசாத்தான். உடனே கழட்டிட்டேன். தையல் இல்லாம, இழுத்தா நல்லா விரியுற மாதிரி இருந்தா கொண்டாங்க. இல்லேன்னாலும் பரவால்ல, எங்ககிட்ட துணித் தொப்பி இருக்கு."

கதவு மூடிக்கொண்டது. சாத்துக்குடி அளவு இருந்த தொப்பி என் உள்ளங்கையில் கிடந்தது. ஏழு மாதத்தில் பிறந்துவிட்ட என் தம்பி மகளின் நெற்றியில், அவளுடைய அத்தை போட்ட முதல் அடையாளம் ஒரு கோடு.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மெர்லின் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்ததும் போனுக்குள் குனிந்துகொண்டாள்.

இரண்டு வரிசை நாற்காலிகள்

இந்தப் பக்கத்தை இந்த வாரம்தான் முதலில் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்களுக்கு முடிச்சூர். வயல் இருந்தது, பிளாட் ஆனது, அந்தக் கதையை முன்பே சொல்லிவிட்டேன். நான் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தம்பி சரவணனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவன் காதலித்தது இரும்புலியூர் ஜெனிஃபரை. பள்ளிக்கூட டீச்சர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்.

எங்கள் அப்பா முடியாது என்றார். அவர்கள் அப்பாவும் முடியாது என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

கடைசி முயற்சியாக ஜெனியின் அக்கா மெர்லின் தன் அப்பாவை எப்படியோ சமாதானப்படுத்தி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். எங்கள் அப்பா கேட்டைத் திறக்கவில்லை. உச்சி வெயில். அந்தப் பெரியவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். உள்ளே இருந்து அப்பா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். மெர்லின் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டுப் பொண்ணுக்கு உங்க நிழல்கூட வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். அவள் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள், நிதானமாகப் பேசுகிறவள். அன்றைக்குக் குரல் தெருமுனை வரை கேட்டது.

சரவணனும் ஜெனியும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு சிட்லபாக்கத்தில் வாடகைக்குப் போனார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் போகவில்லை. போன் மட்டும் உண்டு, அதுவும் வீட்டுக்குத் தெரியாமல்.

அப்புறம்தான் இது. ஜெனிக்கு பிரஷர் எகிறி, ஒரு மத்தியானம் அவசரமாக ஆபரேஷன். நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவுக்கு நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது மெர்லின் ஏற்கெனவே இருந்தாள். நாற்காலிகள் எதிரெதிராக இரண்டு வரிசை. அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. தினமும் அப்படியே.

சரவணன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் டீ கொடுப்பான்.

கை சும்மா இருக்காது

சென்னை வெயிலில் எவளாவது கம்பளி பின்னுவாளா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரர் அதைக் கல்யாண ஆல்பம் காட்டுகிற மாதிரி எல்லோரிடமும் காட்டிச் சிரித்தார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. கடையில் கூட்டம் இல்லாத நேரம் ஸ்டேப்ளர் பின்னைக் கோத்துக் கோத்துச் சங்கிலி செய்வேன். பஸ்ஸில் டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழிப்பேன். கல்யாண வீட்டில் பக்கத்து இலை ஓரத்தைக்கூட மடித்திருக்கிறேன். ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது வீட்டில் இருந்தவர்கள் தாங்க முடியாமல்தான் மகள் போனில் ஒரு பின்னல் வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தாள். பிடித்துக்கொண்டது. கம்பளி வேண்டாம், பருத்தி நூல் போதும். கைப்பிடித் துணி, போன் பை, தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டை என்று பின்னித் தள்ளினேன்.

எல்லாம் தட்டையான சமாச்சாரம். வட்டமாக ஒன்றைப் பின்ன வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

குழந்தை டாக்டர் எங்களிடம் ஒன்று சொன்னார். "இவ குடிக்கிற பாலெல்லாம் உடம்புச் சூட்டைக் காப்பாத்திக்கவே செலவாகுது. தலை வழியாத்தான் சூடு அதிகம் போகும். அதை மூடி வெச்சா வெயிட் ஏறும்."

அவர் போய்விட்டார். என் விரல்கள் அந்த நிமிடமே நூல் தேட ஆரம்பித்துவிட்டன. இன்குபேட்டர் மெஷினுக்குள் கிடக்கிற அந்த உயிருக்கு வெளியே நிற்கிற ஒருத்தி செய்யக்கூடியதாக ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தது. அப்படிப் பின்னிய தொப்பிதான் கோடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

சண்முகம் சாலையில் ஒரு ஊசி

தையல் வேண்டாம் என்றால் தட்டையாகப் பின்னி மூட்டக் கூடாது. முதலிலிருந்தே வட்டமாகப் பின்ன வேண்டும். அதற்கு வட்ட ஊசி என்று ஒன்று உண்டு. இரண்டு குட்டை ஊசிகளை ஒரு பிளாஸ்டிக் வயர் இணைத்திருக்கும். அந்த வயரின் நீளம்தான் அத்தனை பாட்டுக்கும் காரணம்.

ஊசி செட்டோடு வந்து என்னிடம் சும்மா கிடந்ததில் இருந்தது கைக்கு அடக்கமான வயர். ஆனால் இந்தத் தலைக்கு அதுவே பெரிது. ஊசியில் ஏற்றிய நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, எவ்வளவு இழுத்தாலும் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆகவே இன்னும் குட்டை வயர் வேண்டும் என்று முடிவு செய்தேன். யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கடை கடையாக ஏறினேன். காய்கறி வண்டிகளுக்கு நடுவே புகுந்து, யார் மேலெல்லாமோ இடித்துக்கொண்டு. ஒரு பொத்தான் கடைக்காரர் என் ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஒயர் வெச்ச ஊசி? இத்தவிட சின்னதா எங்க கீது? இந்த வெயில்ல எவன்க்கா சொட்டரு போடுறான்?"

"சொட்டர் இல்லண்ணா. கொழந்தைக்குத் தொப்பி. ஆஸ்பத்திரில கீது."

நான் 'கீது' என்றது எனக்கே தெரியவில்லை. அவர் முகம் மாறியது. ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டு முழுக்கத் துழாவினார். தூசியும் தும்மலும்தான் வந்தது.

"இல்லக்கா. மனசுக்கு பேஜாரா கீது. பாரிஸ் போய் பாருங்க."

பாரிஸ் கார்னர் போய் வர அரை நாள். அந்த அரை நாள் வராந்தாவை விட்டு எப்படி நகர்வது? திரும்பி வந்தேன்.

குறுக்கே பேசினாள்

இருக்கிற ஊசியை வைத்தே மல்லுக்கட்டினேன். வட்டம் சேரவில்லை. அவிழ்த்தேன். மறுபடி போட்டேன். வெளியே ரயில் போனால் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். ட்ராலிச் சத்தம் கேட்டால் கதவுக்குப் போவேன். நூல் உருண்டை என் பின்னாலேயே தரையில் உருண்டு வரும்.

ஒரு தடவை அது மெர்லினின் காலடிக்குப் போய் நின்றது. அவள் குனிந்து எடுத்தாள். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இதுக்குப் பெரிய வயர் வேணும்."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து எனக்கு வந்த முதல் வாக்கியம்.

"என்னது?"

"இன்னும் நீளமா. இதுபோல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு."

"இதுவே பெருசாயிருக்குன்னு நான் முட்டிக்கிட்டு இருக்கேன். கிண்டல் பண்றீங்களா?"

"நான் ஏன் கிண்டல் பண்ணணும்? ஆஸ்பத்திரில உக்காந்துக்கிட்டுக் கிண்டல் பண்ணத்தான் வந்தேனா?"

"வேற எதுக்கு இப்போ பேச்சுக் குடுக்குறீங்க?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"எங்க ஜெனிக்கு இந்தப் பிரஷர் ஏன் வந்துச்சு தெரியுமா?" என்றாள். "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஒத்தையில கெடந்தா. மாமியார் வீடு ஆறேழு கிலோமீட்டர்ல."

"உங்க வீடு மட்டும் எங்க இருந்துச்சு? டில்லியிலயா? தாம்பரத்தைத் தாண்டுனா இரும்புலியூர். நீங்க ஒரு நாள் போயிருக்கலாமே?"

"போனேன்."

"எப்போ?"

"சனிக்கிழமை சனிக்கிழமை போனேன். எங்க அப்பாவுக்குத் தெரியாம." அவள் நூல் உருண்டையை இறுக்கிப் பிடித்தாள். "அந்த வாரம்தான் போகல. ஆடிட் இருந்துச்சு."

செக்யூரிட்டி வந்து சத்தம் போடக் கூடாது என்றார். இரண்டு பேரும் அவரவர் வரிசையில் போய் உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்துவிட்டேன் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நூல் உருண்டை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

ஒரு கண்ணியை நகர்த்துவது எப்படி

மறுநாள் காலை அவள் என் வரிசைக்கு வந்தாள். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வட்ட ஊசியை எடுத்தாள். வயர் அவள் முழங்கால் தாண்டித் தொங்கியது.

"எங்க அப்பாவுக்குக் குன்னூர்ல வேலை. அங்கதான் படிச்சேன். குளிருக்கு எல்லாப் பொண்ணுங்களும் பின்னுவோம்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல். "பாருங்க."

கண்ணிகளை நீள வயரில் ஏற்றினாள். அவற்றைச் சரிபாதியாகப் பிரித்து, மிச்ச வயரை நடுவிலிருந்து ஒரு பெரிய வளையமாக வெளியே இழுத்துவிட்டாள். முன் பாதியைப் பின்னினாள், வயரை இழுத்தாள், திருப்பினாள், பின் பாதியைப் பின்னினாள். வட்டம் சேர்ந்துவிட்டது. குட்டை வயர் அதன் அளவுக்கு வட்டத்தை இழுத்துப் பிடிக்கும். நீள வயரோ, வேண்டாத நீளத்தை ஓரமாக வெளியே விட்டுவிட இடம் தருகிறது. எவ்வளவு சின்னத் தலையானாலும் பின்னலாம்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவுதானா என்றும் இருந்தது.

நான் வாங்கிப் பின்னினேன். முதல் தொப்பியில் போட்ட அதே விளிம்புதான்: தடிமனாக வர, ஒரு கண்ணியைப் பின்னி அடுத்ததைப் பின்னாமல் விட்டுக்கொண்டே போகிற டிசைன். பின்னாமல் விடுவது என்றால் அந்தக் கண்ணியை இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு அப்படியே நகர்த்துவது. ஸ்லிப் என்பார்கள்.

"அப்படி இல்ல" என்றாள் மெர்லின்.

"இப்போ என்ன?"

"ஊசியை நீங்க விடுற பக்கம் தப்பு. கண்ணி திரும்பிக்கிட்டுப் போகுது. அடுத்த சுத்துல பின்னும்போது கழுத்தைத் திருகுன மாதிரி ஆயிடும். அதான் நெத்தியில இறுக்குச்சு."

"நான் வீடியோ பார்த்துத்தான் செய்யுறேன்."

"உச்சியில கண்ணி குறைக்கிற வீடியோ பார்த்திருப்பீங்க. அங்க அப்படித்தான், திருப்பித்தான் நகர்த்தணும். வேற எங்கயும் பர்ல் போடப்போற மாதிரி ஊசியை விட்டு நேரா நகர்த்தணும்."

பர்ல் என்பது உள்பக்கம் பின்னுகிற முறை. ஊசி வலப்பக்கமிருந்து நுழையும். நான் போனை எடுத்து அந்த வீடியோவைத் தேடினேன். அவள் சொன்னது சரி. உச்சி குறைக்கிற வீடியோவேதான்.

"பின்னால போற நூலையும் இழுக்காதீங்க. தளர விடுங்க. நீங்க எல்லாத்தையும் இழுக்குறீங்க."

"கையே அப்படித்தான்."

"தெரியுது" என்றாள். முதல் முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று.

விளிம்பு என்னுடையது. மண்டைப் பகுதி இரண்டு பேரும் மாறி மாறி. உச்சியை அவளே குறைத்தாள். வீட்டுக்குக் கொண்டு போய்த் துவைத்துக் காயவைத்து மறுநாள் கொடுத்தேன். நர்ஸ் அதை விரல்களால் விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வரவில்லை. திரும்பி வராத அந்தத் தொப்பியைப் பார்க்க இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றோம்.

"யாராவது ஒருத்தர் வாங்க"

எடை ஏற ஆரம்பித்தது. மெஷினிலிருந்து எடுத்து, குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிற சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஜெனி செய்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்து சரவணன் செய்தான். மற்ற நேரமெல்லாம் நாங்கள் வெளியே.

அம்மா தினமும் போன் செய்வாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அப்பா பக்கத்தில் இருப்பார். "சாப்டியா? அங்க ஏசி ரொம்ப ஜாஸ்தியோ? குளிருமே?" என்பாள். யாருக்குக் குளிரும் என்று நானும் கேட்க மாட்டேன். "இப்போ பரவால்லம்மா, தலைக்குத் தொப்பி இருக்கு" என்பேன். "சரி, வெச்சுடுறேன்" என்பாள்.

பிறகு ஒரு நாள் ஜெனிக்குக் காய்ச்சல் அடித்தது. தையல் போட்ட இடத்தில் சீழ். சரவணனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவனை வார்டுக்குள்ளேயே விடவில்லை. கதவு திறந்தது.

"அம்மா, அப்பா ரெண்டு பேரும் முடியாது. பாப்பா சூடு இறங்குது. கூட இருக்கிறவங்க யாராவது ஒருத்தர் வாங்க. நெஞ்சோட வெச்சுக்கணும்."

நாங்கள் இரண்டு பேரும் எழுந்துவிட்டோம்.

"ஒருத்தர்தான் மேடம்."

நான் மெர்லினைப் பார்த்தேன். சனிக்கிழமைதோறும் ஒளிந்து போய்த் தங்கையைப் பார்த்தவள். எனக்கு முன்பே இந்த வராந்தாவுக்கு வந்தவள். உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"அத்தை போகட்டும் சிஸ்டர்" என்றாள் மெர்லின்.

எந்த அத்தை என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அதுவரை அவள் என்னை எந்த முறை வைத்தும் அழைத்ததில்லை.

"நீங்க போங்க" என்றேன். "பெரியம்மா நீங்க."

"போங்க கோமதி. நான் அழுதுருவேன். அழுதா நெஞ்சு குலுங்கும், பாப்பா முழிச்சுக்கும்."

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முன்பக்கம் திறக்கிற அங்கியை மாட்டி, சாய்ந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நெஞ்சின் மேல் அவளை வைத்தபோது அவள் கனம் எனக்குத் தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. அதுவும் குறைவான சூடு. ஈரத் துணி மாதிரி. கன்னம் என் எலும்பின் மேல். மூச்சு கொஞ்சம் வரும், நிற்கும், பிறகு அவசரமாக வரும்.

"ஆடக் கூடாது மேடம். ஒரு கை முதுகுல, ஒரு கை அடியில. அப்படியே."

முதலில் மூக்கு அரித்தது. பிறகு கால் மரத்தது. பக்கத்து மெஷின் பீப் என்றபோதெல்லாம் எழுந்து ஓட வேண்டும்போல் உடம்பு துடித்தது. கடைக்குப் பேப்பர் வரும் நாள், சாவி யாரிடம், ஜெனிக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று மனசு வராந்தாவில் நடந்தது. கைகள் மட்டும் நகரவில்லை. நகர்த்த எனக்குப் பயம்.

எப்போது என்று தெரியாது, அவள் மூச்சு சீரானது. நர்ஸ் வந்து அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். "ஏறிடுச்சு" என்றார். நான் அழவில்லை. அழுதால் நெஞ்சு குலுங்கும்.

வெளியே வந்ததும் அம்மாவிடமிருந்து போன். "சாப்டியா?"

"அம்மா, அவளை நெஞ்சு மேல வெச்சிருந்தேன்."

அப்பாவின் இருமல் கேட்டது. அம்மா நடந்து போகிற சத்தம், கொல்லைக் கதவுத் தாழ். பிறகு தாழ்ந்த குரலில், "யாரு ஜாடை?"

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நீயே வந்து பாரு."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நான் கடையைத் திறந்து, ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகத் தாமதமாகிவிட்டது. மாடிப்படி ஏறி வராந்தாவில் திரும்பினால் நாற்காலிகள் காலி. வார்டு வாசலில் கை கழுவுகிற இடத்தில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஒன்று மெர்லின். மற்றது அம்மா. பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள். அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அம்மாவின் தங்க வளையல்கள் கல்யாணத்துக்குப் போட்டவை. கை பருத்த பிறகு கழற்றியதே இல்லை. மெர்லின் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, சோப்பு நுரையைத் தடவித் தடவி, விரல் மூட்டுகளை ஒடுக்கி, ஒவ்வொரு வளையலாக நகர்த்திக்கொண்டிருந்தாள். எலும்பு முட்டுகிற இடத்தில் ஒன்று மாட்டிக்கொண்டது.

"வலிக்குதா ஆன்ட்டி? வேணா விட்டுடலாம். அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அம்மா கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலம்மா" என்றாள். "நீ இழு."